எண்ணும் நிறையும்



'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் அடுக்களையிற் பிறந்த முதுமொழி. புள்ளிவிபரவியல் என்னும் துறையின் பாதி உண்மை அந்த ஒரு வாக்கியத்தினுள் அடங்கிக் கிடக்கிறது. பானையிலுள்ள பருக்கைகள் அனைத்தையும் நசுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டைப் பார்த்தாலே போதும். ஆயினும், சோறு சமைத்துப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். அகப்பையாற் கிளறிய பின்னரே அந்தப் பருக்கையை எடுக்க வேண்டும். கிளறாத பானையில் மேலே கிடப்பது வேகாதிருக்கும். அடியிற் கிடப்பது குழைந்திருக்கும். மேலே கிடக்கும் பருக்கை மேலேயுள்ள சோற்றுக்கு மாத்திரமே பதம்.

இனி இன்னொரு கேள்வி. அயல் வீட்டில் வேறோர் அரிசியை உலையில் இட்டிருக்கிறார்கள். அந்த அரிசி விரைவில் வேகுமா, நம் வீட்டு அரிசி விரைவில் வேகுமா என்று அறிய விரும்புகிறோம். அவர்கள் அடுப்பிலே காய்ந்த விறகு. நம் அடுப்பிலே ஈர விறகு. அவர்கள் சோறு முதலில் வெந்துவிட்டால் அது அரிசியின் குணமா, விறகின் குணமா? பானையை எவ்வளவு நன்றாகக் கிளறினாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை. எடுத்த பருக்கை எந்தப் பானைக்காகப் பேசுகிறது என்பது முதலாவது. ஒப்பிடும் இரண்டு பானைகளும் ஒப்பிடத் தக்கவையா என்பது இரண்டாவது. ஒரு மருந்து பயன் தருகிறதா, ஒரு பழக்கம் தீமை செய்கிறதா, ஓர் அரசாங்கத் திட்டம் மக்களுக்கு உதவியதா என்று மாதிரி ஆய்வுகளைக் கொண்டு தீர்மானிக்கும்போது இவ்விரு கேள்விகளும் ஒருங்கே எழுகின்றன. முதற் கேள்விக்கு அறிஞர் கண்ட விடைகளுள் ஒன்று 'மாதிரி நிறை'. இரண்டாவது கேள்விக்குக் கண்ட விடைகளுள் ஒன்று 'நாட்டப் புள்ளி'. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றதன் வேலையைச் செய்விக்க இயலாது என்பதையும், இரண்டையும் எவ்வாறு சேர்த்துக் கையாள்வது என்பதையுமே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதற் கேள்வியிலிருந்து தொடங்குவோம். 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் புகழ்பெற்ற சஞ்சிகை, யார் வெல்வார் என்பதை முன்னரே அறிந்துகொள்வதற்காக ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வினாச் சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடையனுப்பினர். அவற்றை எண்ணிப் பார்த்த சஞ்சிகை, லாண்டன் என்பவரே வெல்வார் என்று அறிவித்தது. தேர்தல் முடிந்தபோது ரூஸ்வெல்ட் அவர்கள் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றியிருந்தார். அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ஜோர்ஜ் கலப் என்பவர் ரூஸ்வெல்டின் வெற்றியைச் சரியாக முன்னுரைத்தார்.

இருபது இலட்சம் விடைகள் ஏன் பொய்த்தன? சஞ்சிகை பெயர்களைத் திரட்டிய பட்டியல்களுள் தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பட்டியல்கள் முக்கியமானவை. அது பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலம். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வசதி படைத்தோரிடமே மிகுதியாக இருந்தன. ஏழைகளோ ரூஸ்வெல்டின் பக்கம் நின்றனர். அன்றியும், சீட்டுக் கிடைத்தவர்களுள் விடையனுப்பியோரின் மனப்பாங்கும் அனுப்பாதோரின் மனப்பாங்கும் ஒன்றாயிருக்கவில்லை. எண்ணிக்கையோ பெரிது, எடுத்த பருக்கைகளோ பெரும்பாலும் பானையின் ஒரு பக்கத்தன.

இஃது ஏதோ பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். பிரித்தானியாவிலே 'யூ. கே. பயோபாங்க்' என்னும் பெரிய மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்துக்காக 2006 முதல் 2010 வரையில் ஏறக்குறைய 92 இலட்சம் பேர் அழைக்கப்பட்டனர். வந்து சேர்ந்தோர் ஏறக்குறைய 5 இலட்சம் பேர். அதாவது நூற்றுக்கு ஐந்தரைப் பேர். அவ்வாறு வந்தவர்கள், அவர்களையொத்த வயதினரான பொதுமக்களைக் காட்டிலும் குறைவாகவே புகைபிடிப்பவர்கள், பொதுவாக உடல்நலம் மிக்கவர்கள் என்பது 2017இல் வெளியான ஆராய்ச்சியொன்றிற் புலப்பட்டது. தாமாக வருபவர்கள் எல்லோருக்காகவும் பேசுவதில்லை.

இதற்கு மாற்று என்ன? யாரைத் தெரிந்தெடுப்பது என்பதை ஆய்வாளரே, எழுமாறாக, தெரிந்த ஒரு நிகழ்தகவின்படி தீர்மானிப்பதுதான். எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்பை அளிக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறுபான்மையான ஒரு பிரிவினரைப் பற்றியும் நம்பகமாகச் சொல்ல வேண்டுமானால் அவர்களை வேண்டுமென்றே அதிக விகிதத்தில் எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவின் தேசிய சுகாதார, போசாக்கு ஆய்வில் முதியோர் முதலான சில பிரிவினர் இவ்வாறு மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். பின்னர் முழு நாட்டையும் பற்றிப் பேச வரும்போது அந்த மிகுதியைச் சமன் செய்துவிட வேண்டும். அதற்குக் கருவியாவதே மாதிரி நிறை.

அதன் தத்துவம் எளிது. ஒருவர் மாதிரியில் தெரிவாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், அவர் தம்மையும் தம்மைப் போன்ற 99 பேரையும் சேர்த்து 100 பேருக்காகப் பேசுகிறார். அவருடைய நிறை 100. வாய்ப்புப் பத்தில் ஒன்று என்றால் நிறை 10. வாய்ப்பைத் தலைகீழாக்கினால் நிறை. ஹோர்விட்ஸ், தொம்சன் என்னும் இருவர் 1952இல் வெளியிட்ட கட்டுரை இவ்விதியைப் பொது வடிவில் நிறுவியது. உலகெங்கும் நடைபெறும் தேசிய மாதிரி ஆய்வுகள் பலவும் இவ்விதியின் மீதே நிற்கின்றன.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

ஆராய்ச்சிகளுள் இரு வகை உண்டு. ஒன்று சோதனை. யார் மருந்தை உட்கொள்வது, யார் உட்கொள்ளாதிருப்பது என்பதை ஆராய்ச்சியாளர் நாணயம் சுண்டுவதுபோல எழுமாறாகத் தீர்மானிப்பார். ஆகவே இரு சாராரும் ஏனைய விடயங்களிற் பெரும்பாலும் ஒத்திருப்பர். மற்றது அவதானிப்பு ஆராய்ச்சி. இங்கே மக்கள் தாமே தம் வழியைத் தெரிந்துகொள்கின்றனர். ஆராய்ச்சியாளர் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். புகைபிடிக்குமாறு யாரையும் பணித்துச் சோதனை செய்ய அறம் இடங்கொடாது. ஆதலால் புகையிலையின் தீமையை அவதானித்தே அறிய வேண்டியிருந்தது.

அதில் எத்தகைய இடர் உண்டு என்பதை வில்லியம் கொக்கிரன் என்னும் புள்ளிவிபர அறிஞர் 1968இல் எழுதிய கட்டுரையிலே காட்டினார். 1964இல் அமெரிக்க அரசாங்கத்துக்குப் புகைத்தல் பற்றிய புகழ்பெற்ற அறிக்கையைச் சமர்ப்பித்த ஆலோசனைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். கனடாவில் நடைபெற்ற ஆராய்ச்சியொன்றின் எண்களை அவர் எடுத்துக்கொண்டார். புகைபிடியாதோருள் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் 20.2 பேர் இறந்தனர். சிகரெட் பிடிப்போருள் 20.5 பேர். சுருட்டும் குழாயும் பிடிப்போருள் 35.5 பேர். இந்த எண்களை அப்படியே நம்பிய ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? சிகரெட்டினால் ஏறக்குறையத் தீங்கே இல்லை, சுருட்டும் குழாயுமே கொடியவை என்றல்லவா முடிவு செய்வார்?

கொக்கிரன் அவர்களின் வயதை நோக்கினார். புகைபிடியாதோரின் சராசரி வயது 54.9. சிகரெட் பிடிப்போரின் சராசரி வயது 50.5. சுருட்டும் குழாயும் பிடிப்போரின் சராசரி வயது 65.9. முதியவர்கள் அதிகமாக இறப்பது இயல்பு. அவரவர் வயதுக்கேற்பப் பல வகுப்புகளாகப் பிரித்து, ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுக் கணித்தபோது, புகைபிடியாதோருக்கு அதே 20.2, சுருட்டும் குழாயும் பிடிப்போருக்கு 19.8, சிகரெட் பிடிப்போருக்கோ 29.5. முதலிலே குற்றவாளிக் கூண்டில் நின்றது விடுதலை பெற்றது; விடுதலை பெற்று நின்றது கூண்டில் ஏறியது. ஈர விறகையும் காய்ந்த விறகையும் பிரித்தறியாமல் அரிசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதன் ஆபத்து இதுவே.

வயது ஒன்று மாத்திரமே வேறுபட்டால் வகுப்புகளாகப் பிரிப்பது எளிது. ஆனால் மனிதர்கள் வயதினால் மாத்திரமா வேறுபடுகின்றனர்? கல்வி, வருமானம், தொழில், உணவு, வசிப்பிடம், முன்னர் வந்த நோய்கள் என்று விபரங்கள் பெருகிக்கொண்டே போகும். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே விடைகளையுடைய 20 விபரங்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் சேர்க்கைகள் பத்து இலட்சத்துக்கு மேலாகிவிடும். பெரும்பாலான வகுப்புகளில் ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கும் வழியை 1983இல் போல் றோசன்பாம், டொனல்ட் ரூபின் ஆகிய இருவர் காட்டினர். ரூபின் கொக்கிரனின் மாணவர். றோசன்பாம் ரூபினின் மாணவர். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் பரம்பரை தொடர்ந்தது என்று சொல்லலாம். ஒருவருடைய பின்னணி விபரங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, இத்தகையவர் அந்தச் சிகிச்சையைப் பெறும் நிகழ்தகவு எவ்வளவு என்று கணித்துக்கொள்க. அந்த ஒரே எண்தான் நாட்டப் புள்ளி; சிகிச்சையின்பால் ஒருவருக்குள்ள நாட்டத்தை அது அளவிடுகிறது. ஒரே நாட்டப் புள்ளியையுடையவர்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால், அவர்களுள் சிகிச்சை பெற்றோரும் பெறாதோரும் அந்தப் பின்னணி விபரங்களிற் சராசரியாக ஒத்திருப்பர் என்று அவர்கள் நிறுவினர். பல விபரங்கள் ஒரே எண்ணினுள் ஒடுங்கிவிட்டன.

அடுத்த ஆண்டு, 1984இல், அவர்களே இதைச் செய்து காட்டினர். இருதய நோயாளர் 1,515 பேர். அவர்களுள் 590 பேர் சத்திரசிகிச்சை பெற்றனர், 925 பேர் மருந்து மாத்திரம் பெற்றனர். 74 பின்னணி விபரங்களிலிருந்து நாட்டப் புள்ளி கணிக்கப்பட்டது. அதன்படி நோயாளர் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். ஐந்தே வகுப்புகள்! அவ்வகுப்புகளினுள்ளே இரு சாராரும் பெரும்பாலும் ஒத்திருந்தனர்.

நாட்டப் புள்ளியை நிறையாகவும் ஆக்கலாம். சிகிச்சை பெறும் நிகழ்தகவு ஐந்தில் ஒன்றாயிருந்தும் அதைப் பெற்ற ஒருவர், தம்மைப் போன்ற ஐவருக்காகப் பேசுகிறார் என்று கொள்ளலாம். மீண்டும் வாய்ப்பைத் தலைகீழாக்கினால் நிறை. ஹோர்விட்ஸ், தொம்சன் கண்ட அதே தத்துவமே இங்கும் வருகிறது. ஆனால் இங்கு கருதப்படும் வாய்ப்பு மாதிரியில் தெரிவாகும் வாய்ப்பன்று. சிகிச்சையைப் பெறும் வாய்ப்பு. உருவம் ஒன்று, பணி வேறு. குழப்பம் பிறப்பதும் இந்த ஒற்றுமையினாற்றான்.

இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரதேசத்தில் 10,000 வீடுகள். அவற்றுள் 9,000 கிராமத்தில்; 1,000 பட்டினத்தில். கொதித்தாறிய நீரைப் பருகும் வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் குறைகிறதா என்று அறிய ஆய்வு நடைபெறுகிறது. கிராமத்தில் 100 வீடுகள், பட்டினத்தில் 100 வீடுகள் எழுமாறாகத் தெரிவாகின்றன. ஆகவே கிராமத்து வீடொன்றின் மாதிரி நிறை 90. பட்டினத்து வீடொன்றின் மாதிரி நிறை 10.

கிராமத்து 100 வீடுகளுள் நீரைக் கொதிக்க வைப்பவை 20. அவற்றுள் வயிற்றோட்டம் கண்டவை 4. கொதிக்க வையாத 80 வீடுகளுள் வயிற்றோட்டம் கண்டவை 32. அதாவது நூற்றுக்கு 20 எங்கே, நூற்றுக்கு 40 எங்கே! பட்டினத்திலோ குழாய் நீர் ஏற்கெனவே ஓரளவு சுத்தமானது. அங்கே 80 வீடுகள் கொதிக்க வைக்கின்றன. அவற்றுள் 4இல் வயிற்றோட்டம், அதாவது நூற்றுக்கு 5. கொதிக்க வையாத 20 வீடுகளுள் 2இல் வயிற்றோட்டம், அதாவது நூற்றுக்கு 10. ஆகவே கொதிக்க வைப்பதன் பயன் கிராமத்தில் நூற்றுக்கு 20. பட்டினத்தில் நூற்றுக்கு 5.

இப்பொழுது நான்கு கணக்காளர்கள் வருகின்றனர்.

முதலாமவர் எந்த நிறையும் இடாமல் எண்ணுகிறார். கொதிக்க வைத்த 100 வீடுகளில் 8. வையாத 100 வீடுகளில் 34. பயன் நூற்றுக்கு 26 என்கிறார். பட்டினத்தின் நல்ல குழாய் நீருக்கு உரிய புகழையும் அவர் அடுப்புக்கே கொடுத்துவிட்டார்.

இரண்டாமவர் மாதிரி நிறையை மாத்திரம் இடுகிறார். கிராமத்துக்கு 90, பட்டினத்துக்கு 10. அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 24. இந்த எண் முழுப் பிரதேசத்துக்காகவும் பேசுகிறது என்பது மெய்தான். ஆனால் எதைப் பேசுகிறது? கொதிக்க வைப்போர் பெரும்பாலும் எங்கே வாழ்கிறார்கள் என்னும் வேறுபாடு அதிற் கலந்தே கிடக்கிறது. பானையைக் கிளறினார், விறகைக் கவனிக்கவில்லை.

மூன்றாமவர் நாட்டப் புள்ளியை மாத்திரம் கையாள்கிறார். கிராமத்து வீடு கொதிக்க வைக்கும் நிகழ்தகவு ஐந்தில் ஒன்று. பட்டினத்து வீட்டுக்கு ஐந்தில் நான்கு. அதன்படி நிறையிட்டு ஒப்பீட்டை அவர் நேர்மையாக்கிவிட்டார். அவருடைய விடை 12.5. அது 20க்கும் 5க்கும் நடுவண். மாதிரியில் கிராமமும் பட்டினமும் பாதிக்குப் பாதி என்பதால் வந்த விடை அது. அவ்வாறு பாதிக்குப் பாதியான பிரதேசம் உலகில் இல்லை. ஆய்வாளரின் கொப்பியில் மாத்திரமே உண்டு.

நான்காமவர் இரண்டு நிறைகளையும் பெருக்குகிறார். கொதிக்க வைக்கும் கிராமத்து வீட்டுக்கு 90ஐ 5ஆற் பெருக்க 450. அத்தகைய 20 வீடுகள் சேர்ந்து 9,000 வீடுகளாகின்றன. கொதிக்க வைக்கும் பட்டினத்து வீட்டுக்கு 10ஐ 1.25ஆற் பெருக்க 12.5, அத்தகைய 80 வீடுகள் சேர்ந்து 1,000. கொதிக்க வையாத வீடுகளையும் இவ்வாறே கணித்தால், அங்கும் கிராமம் 9,000, பட்டினம் 1,000 என்றே வரும். இரு பக்கத்திலும் அதே பிரதேசம் நிற்கிறது. ஒரு பக்கத்தில் எல்லோரும் கொதிக்க வைக்கின்றனர், மறு பக்கத்தில் ஒருவரும் வைப்பதில்லை. ஒன்றில் வயிற்றோட்டம் நூற்றுக்கு 18.5, மற்றதில் 37. பயன் 18.5. நாம் தேடிய விடை இதுவே.

இன்னுமொரு நுட்பம் உண்டு. எல்லா வீடுகளுக்கும் சராசரியாக என்ன பயன் என்பது ஒரு கேள்வி. இன்று கொதிக்க வையாத வீடுகளை அவ்வாறு செய்யத் தூண்டினால் அவர்களுக்கு என்ன பயன் என்பது வேறொரு கேள்வி. கொதிக்க வையாதோர் பெரும்பாலும் கிராமத்தவர் ஆதலால், அதே எண்களைக் கொண்டு கணித்தால் பின்னைய விடை ஏறக்குறைய 19.6 ஆகும். பிரசாரத் திட்டம் வகுக்கும் சுகாதார அதிகாரிக்கு வேண்டியது இந்த எண்தான். எனவே நிறையிடுமுன் யாரைப் பற்றிய விடை வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

நாட்டப் புள்ளியைக் கணிக்கும் படியிலேயே மாதிரி நிறையைப் புகுத்த வேண்டுமா, அன்றி இறுதிக் கணக்கில் மாத்திரம் இட்டால் போதுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையிலுள்ள இரு சாராரையும் ஒத்தவராக்குவதே நாட்டப் புள்ளியின் வேலை ஆதலால், அந்தப் படியில் நிறை வேண்டியதில்லை; இறுதிக் கணக்கிலேதான் அது கட்டாயம் என்று 2006இல் இலெயின் சனூட்டோ எழுதினார். மாதிரி நிறையையும் பின்னணி விபரங்களுள் ஒன்றாகச் சேர்த்துப் புள்ளியைக் கணித்து, இறுதியில் இரு நிறைகளையும் பெருக்குமாறு 2014இல் டுகோவ், ஷூலர், ஸ்டூவர்ட் ஆகியோர் கூறினர். இரு படிகளிலுமே மாதிரி நிறையை இடுவதே பாதுகாப்பானது என்று 2015இல் றிட்ஜ்வேயும் அவருடைய சகாக்களும் வாதித்தனர்.

நம் உதாரணத்தில் எவ்வழிச் சென்றாலும் விடை ஒன்றே. ஏனெனில் கிராமத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறை. ஆனால் கிராமத்துக்குள்ளேயே வைத்தியசாலைக்கு அண்மையிலுள்ள வீடுகள் அதிக விகிதத்தில் எடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அந்த வீடுகள் நீரைக் கொதிக்க வைக்கும் பழக்கம் மிக்கவை என்றும், அண்மை என்னும் விபரம் கணக்கிற் சேரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். மாதிரியிற் காணும் நாட்டம் ஒன்று. கிராமத்தின் மெய்யான நாட்டம் வேறொன்று. அப்போது முதற் படியில் நிறை இடாதவரின் பெருக்கல் கிராமத்தை மீண்டும் சரியாகக் கட்டியெழுப்பாது. எந்த வழியைத் தெரிந்துகொண்டாலும், இறுதி நிறைகளை இட்ட பின்னர் இரு சாராரும் பின்னணியில் ஒத்திருக்கிறார்களா என்று சரிபார்ப்பதே ஆய்வாளரின் கடமை.

நேயர்களே, இத்தனை ஆற்றல் வாய்ந்த நிறைகளுக்கும் எல்லைகள் உண்டு. அவற்றுள் மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நிறை கூடக்கூடக் குரல்கள் குறையும். நம் உதாரணத்திலே கொதிக்க வைக்கும் வீடுகள் 100. ஆயினும் 9,000 வீடுகளின் பாரம் 20 வீடுகளின் தலையில் ஏறியிருக்கிறது. இத்தகைய ஏற்றத்தாழ்வு மாதிரியின் வலுவை எவ்வளவு குறைக்கும் என்று கணிக்க லெஸ்லி கிஷ் என்னும் அறிஞர் ஒரு சூத்திரம் தந்துள்ளார். அதன்படி இந்த 100 வீடுகளும் சேர்ந்து ஏறக்குறைய 25 வீடுகளின் வலுவோடுதான் பேசுகின்றன. அந்த 20 வீடுகளுள் ஒன்றில் ஒரு குழந்தைக்கு அன்று வயிற்றோட்டம் வந்ததா, வரவில்லையா என்பதில் முழுப் பிரதேசத்தின் விடையும் அசையும்.

இரண்டாவது, பதிவு செய்யாத காரணத்தை எந்த நிறையும் சமன் செய்யாது. நீரைக் கொதிக்க வைக்கும் தாய், உண்ணுமுன் குழந்தையின் கையைக் கழுவிவிடும் தாயாகவும் இருக்கக்கூடும். கை கழுவுதலைப் பற்றி ஆய்வாளர் கேட்கவில்லையானால், அதன் பயனும் கொதித்த நீரின் கணக்கிலேயே சேரும். புகைத்தல் பற்றிய விவாதத்தில் இதே ஐயத்தைப் பெரும் புள்ளிவிபர அறிஞரான றொனால்ட் ஃபிஷர் எழுப்பினார். புகைக்கும் விருப்பையும் புற்றுநோயையும் ஒருங்கே தரும் பிறவிக் குணம் ஒன்று இருக்கலாகாதா என்று அவர் வினவினார். 1959இல் ஜெரோம் கோர்ன்ஃபீல்டும் சகாக்களும் விடை கூறினர். புகைப்போருக்கு நுரையீரற் புற்றுநோய் ஒன்பது மடங்கு என்றால், அந்த மறைந்த குணம் ஒன்றே அதற்குக் காரணமாவதற்கு, புகையாதோரிடத்திலும் பார்க்கக் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாக அது புகைப்போரிடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு வலிய காரணம் எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்குமா? இவ்வாறு மறைந்த காரணத்தின் வலுவை அளந்து பார்ப்பது இன்றும் நல்ல ஆராய்ச்சியின் இலக்கணம்.

மூன்றாவதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வாய்ப்பைத் தலைகீழாக்கி நிறை காண்கிறோம் என்றேன். வாய்ப்பே பூச்சியமானால்? பூச்சியத்தால் எந்த எண்ணையும் வகுக்க முடியாது. கிராமத்தில் நீரைக் கொதிக்க வைக்கும் வீடு ஒன்றேனும் இல்லையானால், நாட்டப் புள்ளிக்கு அங்கே வேலையில்லை. அவ்வாறே, தெரிவாகும் வாய்ப்பே அற்ற மக்களுக்காக எந்த மாதிரி நிறையும் பேசாது.

நம் நாட்டிலே இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1981க்குப் பின்னர் முழுத் தீவையும் உள்ளடக்கிய குடித்தொகை மதிப்பு 2012இலேயே நடைபெற்றது. இடையில் 2001இல் நடைபெற்ற மதிப்பு, போர்ச் சூழ்நிலை காரணமாக, 25 மாவட்டங்களுள் 18இல் மாத்திரமே முழுமையாக நிறைவேறியது. 2006-07இல் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார மாதிரி ஆய்வில் வட மாகாணம் சேரவில்லை. 2016இல் நடைபெற்ற ஆய்வே 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது. ஆய்வாளர்கள் இவ்விடுபடல்களைத் தம் அறிக்கைகளில் மறைக்கவில்லை. ஆயினும் அறிக்கையின் முதற் பக்கங்களில் உள்ள அக்குறிப்பு, எண்ணை மேற்கோள் காட்டும் செய்தித் துணுக்கோடு கூடவே பயணம் செய்வதில்லை. 2006-07இல் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு தாயின் வாசலுக்கு அந்த ஆய்வின் வினாக்கொத்து வரவில்லை. குருநாகலிலோ காலியிலோ வாழ்ந்த தாயொருத்தியின் நிறையை எத்தனை மடங்காக்கினாலும், வடக்கிலிருந்த தாயின் குழந்தை எப்படியிருந்தது என்பதை அது சொல்லிவிடாது. அந்த எண் சேர்க்கப்பட்ட மாவட்டங்களுக்கு மெய். நாடு முழுவதற்கும் என்று சொல்லும்போது அது மெய்யின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

ஆதலின், ஓர் ஆய்வின் முடிவைச் செய்தியில் வாசிக்கும்போதோ வானொலியிற் கேட்கும்போதோ நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த எண் யாருக்காகப் பேசுகிறது? அதில் ஒப்பிடப்பட்டோர் ஒப்பிடத் தக்கவரா? கேட்கப்படாமல் விடப்பட்டோர் யாவர்? முதலிரண்டுக்கும் நிறைகள் உதவும். மூன்றாவதற்கு உதவுவது ஒன்றே: அடுத்த ஆய்வில் விடுபட்டோரின் வாசலுக்கும் வினாக்கொத்தோடு செல்வது.

பானை பெரிது. கிளறும் அகப்பை அடிவரை செல்லட்டும்.